வீட்டைவிட்டு நீங்கும் நாட்களில் சாடிப் பயிர்களுக்கு நீர் காத்தல்

வடமாகாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் திசெம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. மே மாதத்தின் பின் சோளகக் காற்று எழுகின்றது. செப்டெம்பர் வரை அது ஓய்வதில்லை. தென்மேற்கிலே மழையைக் கொட்டிவிட்டு மலைநாட்டைத் தாண்டி வரும் இக்காற்று எமது பக்கம் சேரும்போது ஈரமிழந்து வறண்டிருக்கும். நிலத்திலுள்ள பயிருக்கே இறைப்பு முறை தவறக்கூடாத காலம் இது. சாடியிலும் பொலித்தீன் பையிலும் நிற்கும் கன்றுகளின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

எமது மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதும் இக்காலத்திலேதான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோர் வாரக்கணக்கில் வீடு திரும்பார். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஓகஸ்ட் 15ஆந் திகதி மடுத் திருவிழா. குடாநாட்டில் வீடும் கிளிநொச்சிப் பக்கத்தில் வயலும் உடையோர் சிறுபோக அறுவடைக்குச் சென்று வாடியிலேயே தங்கிவிடுவர். திருமணம், மரணவீடு, வைத்தியசாலை என்பன நாள் பார்த்து வருவனவல்ல.

‘சாடிக் கன்று நாலு பட்டுப்போனால் என்ன குறைந்துவிடும்?’ எனச் சிலர் கேட்பர். முற்றத்துக் குரோட்டன் செடியைப் பற்றி மாத்திரம் இத்துண்டுப்பிரசுரம் பேசவில்லை. மாரி மழை தொடங்கியதும் நடுவதற்கென்று வாங்கிய கறுத்தக்கொழும்பான், வில்லாட்டு முதலிய ஒட்டுமாங்கன்றுகள், தேசி, தோடைக் கன்றுகள், விதைக்கென்று தெரிந்தெடுத்துச் சாடியிற் காப்பாற்றும் மிளகாய், கத்தரிச் செடிகள் ஆகியன கோடை மாதங்களை முற்றத்திலேயே கழிக்கின்றன. அவை ஒரு தோட்டத்தின் முதல். ஒட்டுமாங்கன்று பட்டுப்போனால் அதன் விலை மாத்திரம் நட்டமாவதில்லை. நடுகைப் பருவம் ஒன்று தவறி, காய்க்கும் காலமும் ஓராண்டு பின்தள்ளப்படுகின்றது.

சாடியில் நீர் எவ்வாறு தீர்கின்றது

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கு மேற்பட்டது செடியின் உடலில் தங்குவதில்லை. இலையின் அடிப்பக்கத்திற் பெரும்பாலும் அமைந்துள்ள நுண்ணிய இலைவாய்களின் வழியே அது ஆவியாய் வெளியேறிவிடுகின்றது. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். வெயிலும் காற்றும் மிகுந்தால் ஆவியுயிர்ப்பும் மிகும். இதனோடு மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகின்றது; சாடி சுடுமண்ணாயின் அதன் சுவர் வழியாகவும் நீர் கசிந்து காய்கின்றது. நிலத்திற் பயிருக்கு நீர் குறைந்தால் அதன் வேர் ஆழத்தையும் அயலையும் நாடிச் செல்லலாம். சாடியின் வேருக்கு அவ்வழி இல்லை. உள்ள மண் எவ்வளவோ அவ்வளவே அதன் களஞ்சியம்.

எனவே, புறப்படுமுன் ஒவ்வொரு கமக்காரரும் அறிந்துகொள்ள வேண்டியது தமது சாடி நாளொன்றுக்கு எவ்வளவு நீரைச் செலவழிக்கின்றது என்பதே. இதனை ஊகித்துக் கூறுதல் வேண்டாம், தராசே கூறிவிடும். ஒரு மாலைப்பொழுதிற் சாடிக்கு அடித்துவாரத்தால் வடியும்வரை நீர் ஊற்றுக. வடிந்து முடிந்தபின், மறுநாட் காலை ஆறு மணிக்கு நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. அடுத்த நாட் காலை அதே நேரத்தில் மறுபடி நிறுக்க. குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலீற்றர் நீராகும். இதனை வெயிலில் ஒருமுறையும், சாடியை விட்டுச்செல்ல எண்ணியுள்ள நிழலில் ஒருமுறையும் செய்து பார்த்தால், நிழல் ஒன்றே எவ்வளவு நீரை மீதப்படுத்துகின்றது என்பது கண்கூடாகும். சமையலறைத் தராசு இல்லாதோர் அயற்கடைத் தராசைக் கேட்டு வாங்கலாம். கடைக்காரர் முதலிற் சிரிப்பார். பின்னர் தம் வீட்டுச் சாடியையும் கொண்டுவந்து நிறுப்பார்.

எடுத்துக்காட்டாக, நிழலில் ஒரு மிளகாய்ச் சாடி நாளொன்றுக்கு 250 மில்லிலீற்றர் இழக்கின்றது எனக் கொள்வோம். பத்து நாளுக்கு 2.5 லீற்றர் வேண்டும். செடி வாடாமல் எடுக்கக்கூடிய நீர் ஒரு லீற்றரளவு சாடி மண்ணிலேயே உளதாயின், நாம் புறத்தே ஏற்பாடு செய்யவேண்டியது 1.5 லீற்றரே. காற்று மிகும் நாட்களுக்கெனச் சிறிது கூட்டி இரண்டு லீற்றர் வைத்தால் போதும். கணக்குப் பார்க்காது அஞ்சுவோர் பெருந்தொட்டியில் நீரை நிரப்பிச் சாடியை அதனுள் இறக்கிவிடுகின்றனர். அதனால் வரும் கேட்டை அடுத்துக் கூறுவேன்.

எனது பிழை

விவசாயப் பாடசாலையிற் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்கு வந்த புதிதில், பதினாறு தேசிக்கன்றுகளைப் பைகளில் வைத்திருந்தேன். ஒன்பது நாள் பயணம் ஒன்று நேர்ந்தது. ‘நீர்தானே வேண்டும்’ என்று எண்ணி, கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் நான்கங்குல உயரத்துக்கு நீர் விட்டு, பைகள் யாவற்றையும் அதனுள் நிறுத்திச் சென்றேன். திரும்பியபோது தொட்டியில் இன்னும் நீர் இருந்தது. இலைகளோ மஞ்சளித்துத் தொங்கின. நீர் இருக்கும்போதே வாடியிருப்பதைக் கண்டு முதலில் மயங்கினேன். ஒரு பையைக் கிழித்து வேரைத் தொட்டதும் தோல் உருவிக் கையோடு வந்தது. அழுகல் மணமும் வீசியது. பதினாறில் மூன்றே பிழைத்தன. அவசரத்தில் மாமரத்தின் கீழ் மறந்துபோய் விட்டுச் சென்ற ஒரு கத்தரிச் சாடி, ஒரு துளி நீருமின்றி, தலைசாய்ந்த நிலையில் உயிரோடு இருந்தது. மாலையில் நீர் விட்டேன். காலையில் நிமிர்ந்து நின்றது. படிப்பிற் கற்றதைவிட அக்கத்தரி எனக்குக் கற்பித்தது அதிகம்.

நடந்தது இதுவே: வேரும் சுவாசிக்கின்றது. மண்துணிக்கைகளுக்கிடையேயுள்ள வெளிகளிற் காற்று நிற்கவேண்டும். அவ்வெளிகள் யாவும் நாட்கணக்கில் நீரால் நிரம்பினால் வேருக்கு ஒட்சிசன் கிட்டாது. அத்தகைய மண்ணிலே வேரழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தேசி, தோடை இனங்கள் இதற்கு மிக எளிதில் ஆளாகும். நெல் வெள்ளத்தில் நிற்பதைக் கண்டு பழகிய எமக்கு இது விளங்கக் கடினமாக இருக்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றைக் கீழே கொண்டுசெல்லும் குழல்போன்ற வெளிகள் உண்டு; தேசிக்கு அவை இல்லை.

தொட்டியிலும் தட்டிலும் திறந்தபடி நீர் விடுவதில் இன்னொரு பெருங்கேடு உண்டு. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு இத்தகைய தெளிந்த, சிறு நீர்த்தேக்கங்களையே நாடி முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு தொடக்கம் பத்து நாட்கள் போதும். நாம் வீட்டில் இல்லாத காலமும் ஏறக்குறைய அதுவே. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராய்ப் பதியப்பட்டனர். நுளம்பு பெருக இடமளித்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, தேசிக்கன்றைக் காக்கப்போய் அயல்வீட்டுக் குழந்தையை நோயிற் தள்ளுதல் எவருக்கும் உவப்பாகாது. ஆகவே இங்கு கூறப்படும் முறைகள் யாவற்றிலும் நீர் மூடியே இருத்தல் வேண்டும். சாடியின் கீழ்த்தட்டுக்களைப் புறப்படுமுன் கவிழ்த்து வைக்க. அந்நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் மாதக்கணக்கிற் கெடாது ஒட்டியிருக்குமாதலால், தட்டுக்களைத் தேய்த்துக் கழுவியே கவிழ்த்தல் வேண்டும்.

இடமும் ஆயத்தமும்

நீர் வைக்கும் உபாயத்தைத் தேடுமுன் நீர்ச்செலவைக் குறைத்தல் முறை. முதலாவது இடம். ‘வீட்டின் வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல்’ என்னும் எண்ணம் எம்மவரிடையே உண்டு. மாரியில் அது சரி. யாழ்ப்பாணத்தில் ஏப்பிரில் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்து செல்லுமாதலால், இக்காலத்தில் வடக்குச் சுவரே வெயிலைப் பெறும். பிற்பகல் வெயிலையும் தென்மேற்குச் சோளகத்தையும் ஒருங்கே தடுப்பது கிழக்குச் சுவர். அதன் ஓரத்தில் மாமரமோ பலாமரமோ நிழல் தருமாயின் அதனினும் நல்ல இடம் வேண்டியதில்லை. வாழைப்புதரின் நடுவும் உகந்தது. வீட்டினுள்ளே இருட்டறையிற் பூட்டிவைத்தல் தகாது, ஒருவாரத்தில் இலையுதிரும்.

சாடிகளைத் தனித்தனியே பரப்பாது நெருக்கி வைக்க. பெரியன புறத்தே காற்றுப்பக்கமும், சிறியன நடுவேயும் நிற்கட்டும். இயலுமாயின் ஓரடி ஆழக் குழி வெட்டி, சாடிகளைக் கழுத்தளவு இறக்கி, இடைவெளிகளை ஈரமான தும்புத்தூளால் நிரப்புக. தும்புத்தூள் தன் எடையைப் போல் எட்டு மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். களப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து பெற்ற தூளில் உப்பிருக்கும்; அதனை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசியே பயன்படுத்துக. தும்புத்தூள் கிடையாத இடத்தில் மணலும் உதவும், வைக்கோலும் உதவும். சாடியின் மேல்மண்ணை இரண்டங்குலக் கனத்தில் வைக்கோல், சருகு, அல்லது துண்டுபோட்ட பொச்சு கொண்டு மூடுதல் மறக்கலாகாது.

செடியையும் பயணத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். ஒருவாரத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் தெளிப்பதை நிறுத்தி, இரண்டு நாளுக்கொருமுறை அடிவரை நனைய ஊற்றிப் பழக்குக. முற்றிய காய்களையும் பழங்களையும் பறித்துவிடுக. பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடல் மனத்துக்கு வருத்தமே. ஆயினும் பிஞ்சைத் தாங்கும் செடி வறட்சியைத் தாங்காது. யூரியா முதலிய பசளைகளை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்துக. தளிர் மிகுந்த செடி நீரை மிகுதியாய் இழக்கும். மண் காயும்போது பசளையுப்பும் செறிந்து வேரைச் சுடும். புறப்படும் நாளன்று நீர் விட்டு, அரைமணி கழித்து மீண்டும் விடுக. முதலில் விட்டது பெரும்பாலும் மண்ணின் வெடிப்பு வழியே ஓடிவிடும். இரண்டாவதே மண்ணில் நிற்கும்.

நான்கைந்து நாட் பயணமாயின் பெரிய சாடிகளுக்கு இவ்வளவே போதுமானது. அதற்கு மேற்பட்டால் பின்வருவனவற்றை நாடுக.

திரி

குத்துவிளக்கில் எண்ணெய் திரி வழியே ஏறுவதைத் தினமும் காண்கின்றோம். அவ்வாறே நீரும் பருத்தித் திரியில் ஏறும். மண் காயக்காய நீரை அதிகமாய் இழுத்து, மண் நனைந்தபின் குறைத்துக்கொள்ளும் இயல்பு இம்முறைக்கு உண்டு. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, பஞ்சப்பசை போகச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, சிறுவிரற் கனத்தில் முறுக்குக. நைலோன் கலந்த துணியாயின் நீர் ஏறுகின்றதா எனப் பார்த்தே பயன்படுத்துக. மூடியுள்ள வாளியொன்றில் நீரை நிரப்பி, மூடியிற் திரி நுழையுமளவே துளையிடுக. திரியை முழுவதும் நனைத்தபின் ஒரு முனையை வாளியின் அடியைத் தொடவிட்டு, மறுமுனையைக் கம்பியொன்றாற் குத்திய துளை வழியே சாடி மண்ணில் நான்கங்குல ஆழத்துக்கு இறக்கி, மண்ணை இறுக்கிவிடுக. உலர்ந்த திரியை வைத்துவிட்டு நீர் தானே ஏறும் என்று போதல் பிழை.

வாளிக்கும் சாடிக்கும் இடையே வெளியிற் கிடக்கும் திரி காற்றிற் காய்ந்து நீரை வீணாக்கும். அப்பகுதியைக் குழாயொன்றினுள் நுழைத்துவிடுக. பப்பாசி இலைக்காம்பு இதற்குப் போதிய குழாயாகும். சில நாளிற் சுருங்குமெனினும் அதன் வேலையைச் செய்துவிடும். வாளியின் நீர்மட்டம் சாடி மண்ணைவிட உயர்ந்திருந்தால் நீர் விரைந்து வரும். சில வேளை இரவிலேயே வாளி வற்றிவிடும். நீர்மட்டம் சாடியின் மண்மட்டத்திற்குச் சற்றுத் தாழ இருத்தல் நன்று. மிகத் தாழ்ந்தால் திரி இழுக்கத் தடுமாறும், ஆறங்குலத்துக்கு மேற் போகவேண்டாம். எதனையும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னரே பூட்டி, கண்முன்னே வேலை செய்கின்றதா எனப் பார்த்துக்கொள்க. வாசலில் வண்டி நிற்கும்போது திரி முறுக்குவோரையும் கண்டிருக்கின்றேன்.

புதைத்த முட்டி

எனக்குப் பிடித்த முறை இதுவே. சுடுமண் முட்டியொன்றை வேரின் அருகே கழுத்தளவு புதைத்து நீரால் நிரப்பிவிட்டால், அதன் சுவரின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் கசிவு மிகும், ஈரமாயிருந்தால் குறையும். பழமையான முறை இது. சீன தேசத்து விவசாய நூலொன்று ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை விளக்கியிருக்கின்றது. இந்தியாவின் கர்ணாலிலுள்ள உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தில் 1970ஆம் ஆண்டுகளில் காய்கறிப் பயிர்களுக்கு இது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது.

முட்டி வாங்கும்போது மெருகோ நிறமோ பூசியதை விலக்குக. நீர் நிரப்பி ஒருநாள் வைத்தால் வெளிச்சுவர் வியர்த்து ஈரமாகவேண்டும். காய்ந்தே இருக்கும் முட்டி சமையலுக்கு உதவும், இதற்கு உதவாது. அடியில் துவாரம் இருத்தல் கூடாது. பெரிய சீமெந்துச் சாடி, பாதியாய் வெட்டிய பீப்பா என்பவற்றிற்கே முட்டி ஏற்றது. சிறிய சாடியில் முட்டியை இறக்கினால் வேரைச் சிதைத்துவிடுவோம். அங்கு திரியே நன்று. முட்டியின் வாயைத் துணி சுற்றிய சிரட்டையால் இறுக மூடி, விளிம்பில் வயற்களி பூசிவிட்டால் நுளம்பும் புகாது, நீரும் ஆவியாகாது.

எமது சுண்ணாம்புக்கற் கிணறுகளின் நீரிற் கல்சியம் மிகுதி. இரண்டொரு பருவத்தில் முட்டியின் துளைகளில் வெண்படலம் படிந்து கசிவு குன்றிவிடும். முட்டியைத் தோண்டியெடுத்து, புளித்த தேசிச்சாற்றிலோ வினாகிரியிலோ ஊறவைத்துத் தும்பாற் தேய்த்தால் ஓரளவு திறக்கும். திறவாவிட்டாற் புதியது வாங்குக. மாரியில் நிலத்தில் நட்ட மாங்கன்றுக்கும் முதற்கோடையில் இவ்வாறு ஒரு முட்டி புதைத்து வைத்தால் இறைப்பு வேலை பெரிதும் குறையும்.

போத்தலும் குழாயும்

நீர் நிரப்பிய பிளாத்திக்குப் போத்தலின் மூடியில் துளையிட்டுச் சாடியிற் கவிழ்த்துக் குத்துதல் எளிய முறையாகையால் எங்கும் பரவியிருக்கின்றது. இதில் நான் பெருநம்பிக்கை வைப்பதில்லை. மணற்பாங்கான கலவையில் ஓரிரவிலேயே தீர்ந்துவிடும். களிமண்ணில் துளை அடைபட்டு ஒரு துளியும் இறங்காது. செம்பாட்டு மண்ணோடு எருக் கலந்த சாடியில் ஊசித்துளை ஒன்று வைத்து, மூடியின் உட்புறம் துணித்துண்டு இட்டால் மூன்று நான்கு நாள் ஓடலாம். அவரவர் மண்ணிற் பரீட்சித்துப் பார்த்தே முடிவு செய்க.

மருந்துக்கடையிற் கிடைக்கும் சேலைன் குழாய் இதனினும் நம்பத்தக்கது. புதியதையே வாங்குக, வைத்தியசாலையிற் கழித்ததைத் தொடவேண்டாம். சாதாரணக் குழாயில் இருபது துளி ஒரு மில்லிலீற்றராகும். பத்து விநாடிக்கு ஒரு துளி எனத் திருகியை வைத்தால் நாளொன்றுக்கு 8,640 துளி, அதாவது ஏறக்குறைய 430 மில்லிலீற்றர் இறங்கும். இருபது விநாடிக்கு ஒன்றெனில் அதிற் பாதி. பாத்திரத்தில் நீர் குறையக்குறைய அழுக்கமும் குறைந்து துளி தாமதிக்குமாதலால், ஒடுங்கிய உயரமான போத்தலைவிட அகன்ற பாத்திரமே இதற்கு ஏற்றது. நீரைத் துணியால் வடித்து ஊற்றுக. நூற்றுக்கணக்கிற் கன்றுகள் வைத்திருப்போர் உயர்த்திய தாங்கியும் துளிநீர்ப்பாசனக் குழாய்களும் நேரங்காட்டித் திருகியும் பூட்டிக்கொள்வதே சிக்கனம். அதுபற்றி உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

ஆளிடம் ஒப்படைத்தல்

தட்டுக்களில் நிற்கும் மிளகாய், தக்காளி நாற்றுக்களுக்கு மேற்கூறிய எதுவும் பயன்படாது. ஒவ்வொரு குழியிலும் உள்ள மண் ஒரு கரண்டியளவே. அது ஒரு பகலிற் காயும். அவற்றுக்கு ஆளே வேண்டும். அயலவர் மறுக்கமாட்டார். ஆனால் அன்பு மிகுந்த அயலவர் நீரையும் மிகுதியாக ஊற்றுவார். ஆதலால் ‘கொஞ்சம் தண்ணீர் விடுங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போகாது, அளவைக் கையிற் கொடுத்துப் போக. பால்பேணி ஒன்று ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் கொள்ளும். ‘பெரிய சாடிக்கு இரண்டு நாளுக்கு ஒரு பேணி, நாற்றுத் தட்டுக்குக் காலையும் மாலையும் பூவாளியால் ஒருமுறை, விரலை மண்ணில் ஓரங்குலம் விட்டுப் பார்த்து ஈரமாயின் விடவேண்டாம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுக. ஒருநாள் அவரைக் கொண்டே நீர் விடுவித்துப் பார்த்தல் இன்னும் நன்று.

பத்து நிமிடமே உண்டெனில்

சில வருடங்களுக்கு முன், சங்கத்திற் கடன்பெற்று நாற்பது ஒட்டுமாங்கன்றுகள் வாங்கி வைத்திருந்த ஒரு தாய், காய்ச்சல் முற்றிய பிள்ளையோடு இரவோடிரவாகக் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. திரியும் முட்டியும் தேட அவருக்கு நேரம் ஏது? வண்டி வருமுன் கன்றுப் பைகள் எல்லாவற்றையும் வாழைப்புதரின் நடுவே நெருக்கி அடுக்கி, நான்கு வாளி நீரை மேலே ஊற்றி, நனைத்த சாக்குகளைப் பைகளைச் சுற்றி வளைத்துக் கட்டி, எஞ்சிய இடத்திற் கிடந்த வாழைச்சருகை நிரப்பிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள், பிள்ளை தேறி, இருவரும் திரும்பினர். முப்பத்தொரு கன்றுகள் உயிரோடிருந்தன. ஒன்பது போயின, அவை புறவரிசையிற் காற்றுப்பக்கம் நின்றவை. நான் சென்று பார்த்தபோது அவர் அந்த ஒன்பதையே காட்டி வருந்தினார். எனக்கோ முப்பத்தொன்றும் வியப்பாயிருந்தன.

அவசரத்தில் அவர் செய்ததே செய்யவேண்டியது: நிழல், நெருக்கம், நிறைய நீர், காற்றுக்குத் தடை. சாக்கை இலைமேற் போர்த்தாது வேர்ப்பையைச் சுற்றிக் கட்டியதும் சரியே. அவரிடம் தென்னோலைக் கிடுகு நான்கு இருந்து, தென்மேற்குப் பக்கத்தில் மறைப்பாய்ச் சாத்தியிருந்தால் அந்த ஒன்பதிலும் சில தப்பியிருக்கலாம். கன்றுகளைத் தெளிந்த பொலித்தீனால் மூடிச் செல்வாரும் உளர். ஆழ்ந்த நிழலில் அது பலன் தரும். ஒரு மணிநேரம் வெயில் பட்டாலும் உள்ளே அவிந்துவிடும்.

திரும்பி வந்தபின்

நன்றாய்க் காய்ந்த சாடியில் மண் சுருங்கிச் சுவரைவிட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றும் நீர் அந்த இடுக்கால் ஓடி அடியால் வெளியேற, வேர்க்கட்டு நனையாமலே நிற்கும். சாடியை அகன்ற பாத்திர நீரில் விளிம்பளவு அமிழ்த்தி, குமிழிகள் எழுவது நிற்கும்வரை வைத்தெடுத்து வடியவிடுக. அரைமணி நேரம் பெரும்பாலும் போதும். உடனே வெயிலுக்குக் கொண்டுவரவேண்டாம். நான்கைந்து நாள் நிழலிலேயே நிற்கட்டும். பசளை இடுவதற்கு இரண்டு வாரம் பொறுக்க.

இலை முழுவதும் உதிர்ந்த கன்றை எறிந்துவிட அவசரப்படலாகாது. நகத்தால் தண்டின் தோலை இலேசாய்க் கீறிப் பார்க்க. உட்புறம் பச்சையாயின் உயிர் உண்டு. கபில நிறமாயிருந்தால் பச்சை தோன்றுமிடம்வரை கீழ்நோக்கிக் கீறிச்சென்று, அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுக.

ஒட்டுக்கன்றிலே இச்சோதனை ஒட்டிய இடத்துக்கு மேலே செய்யப்படவேண்டும். வறட்சியில் ஒட்டுமுளை இறந்து, அதற்குக் கீழேயுள்ள ஒட்டுக்கட்டை மாத்திரம் பிழைத்திருப்பது உண்டு. சில வாரத்தில் அதிலிருந்து கொழுந்து வெடிக்கும். வீட்டார் ‘மரம் தப்பிவிட்டது’ என மகிழ்ந்து, மாரியில் அதனையே நட்டு, ஆண்டுக்கணக்கில் நீர் வார்த்து, இறுதியிற் புளிமாங்காயைக் கண்டு கன்று விற்றவரைத் திட்டுவர். கொழுந்து எங்கிருந்து எழுந்தது என்பதை நட முன்னரே பார்த்துக்கொள்க. ஒட்டுக்கு மேலே பச்சை இருக்க, கீழேயும் துளிர்த்தால் கீழ்த்துளிரை உடனே கிள்ளிவிடுக. மேலே முழுவதும் இறந்து கீழே மாத்திரம் துளிர்த்த கன்றை எறியவேண்டாம்; தண்டு பென்சிற் கனமுடையதாயின் நன்மரத்திலிருந்து முளையெடுத்து அதன்மேல் மறுபடி ஒட்டுப்போடலாம்.